கார்னௌபா: வறட்சியில் விளைந்த மெழுகு

பிரேசிலின் வடகிழக்கே சியாரா, பியாவி முதலிய மாநிலங்களின் ஆற்றுப்படுகைகளில் வளரும் கார்னௌபா என்னும் விசிறியோலைப் பனை, ஆண்டின் முற்பாதியில் வெள்ளத்தையும் பிற்பாதியில் கடும் வறட்சியையும் தாங்கி நிற்கும் மரமாகும். இலைத்துளைகள் மூடிக்கொண்ட பின்னும் மேல்தோல் வழியே நீர் ஆவியாகிவிடாதபடி காப்பது அதன் ஓலைமீது வெண்பொடியாகப் படியும் மெழுகுப்படலம். அப்படலமே, வயலில் வேலையற்றுப்போன மாதங்களில் அவ்வட்டாரத்து மக்களுக்குக் கூலி தரும் சரக்காயிற்று.

1648-ஆம் ஆண்டின் பிரேசில் இயற்கை வரலாற்று நூலிலேயே இம்மரம் இடம்பெற்றிருந்தாலும், ஐரோப்பிய அறிவியலார் அதன் மெழுகை ஆராயத் தொடங்கியது வேதியியலாளர் வில்லியம் பிராண்டு 1811-இல் லண்டன் ராயல் கழகத்தில் அதுபற்றிய ஆய்வை வெளியிட்ட காலத்தில்தான். 80 டிகிரி செல்சியசுக்கு மேலேதான் உருகும் அதன் கடினத்தன்மை, மெழுகுவத்தியோடு நில்லாமல் கார்பன் தாள், காலணிப் பாலிஷ், தரைமெழுகு எனப் பல தொழில்களுக்கும் அதை இழுத்துச் சென்றது.

அறுவடை, பனையேறாப் பனைத்தொழில் எனலாம். நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் தரையில் நின்றபடியே ஓலையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்துப் பொடியை உதிர்த்து, அதை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தனர். உலரும் வேளையில் மழை பெய்தால் பொடி மழைநீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும் என்பதால், உழவரை வாட்டிய மழையின்மையே இத்தொழிலுக்கு முதலாக அமைந்தது. ஒரே மரத்து மெழுகும் ஒரு தரமன்று: விரியாத குருத்தோலையின் பொடி வெளிர்மஞ்சள் மெழுகாகி உயர்ந்த விலை பெற, முற்றிய ஓலையின் பொடி கருத்த மெழுகாகித் தாழ்ந்த விலைக்கே போயிற்று, ஆகவே குருத்துப்பொடியையும் ஓலைப்பொடியையும் தனித்தனியே குவிப்பது வழக்கம்.

1935-இல் அமெரிக்காவின் ராசீன் நகரத் தரைமெழுகு உற்பத்தியாளர் ஹெர்பர்ட் ஜான்சன், நீரிலும் இறங்கவல்ல சிகோர்ஸ்கி விமானத்தில் இப்பனைகளைத் தேடி ஃபோர்த்தலேசா வரை சென்றார். அப்பயணம் இன்றளவும் பேசப்படுகிறது. கழி பிடித்தவர்களைப் பற்றிய குறிப்புகளோ மிகச் சொற்பம். பொடி உதிர்க்க இயந்திரம் வந்த பின்னும் ஓலையறுப்பு பெரும்பாலும் கையுழைப்பாகவே நீடிக்கிறது. அண்மைக் காலத்தில்கூட, அடிமைநிலைக்கு ஒப்பான சூழலில் உழைத்தவர்களை பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் இத்தோப்புகளிலிருந்து மீட்டுள்ளனர்.