உணரி

பெயர்ச்சொல். ‘உணர்’ என்னும் வினையடியோடு ‘இ’ விகுதி சேர்ந்து பிறந்தது. மண்வெட்டி, ஒலிபெருக்கி ஆகியவையும் இப்படி அமைந்தவையே. வெப்பம், அழுத்தம் முதலியவற்றை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு என்பது பொருள்.

மெக்கானிக் பட்டறையில் இது ‘சென்சார்’தான். அதன் வேர், உணர்தலைக் குறிக்கும் ‘சென்டிரே’ என்ற லத்தீன் வினை. திரைப்படத்துக்குக் கத்தரி போடும் சென்சாரோ, மதிப்பிடுதலைக் குறிக்கும் ‘சென்சேரே’யின் வழிவந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற ஷெவர்லே பிக்கப் வண்டிகளில் இன்ஜின் சூட்டை அறிய இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று டாஷ்போர்டு முள்ளை அசைக்கும். மற்றது கணினிக்குச் சேதி சொல்லும். எனவே முள் ஒழுங்காக நின்றாலும் எச்சரிக்கை விளக்கு எரியலாம்.

கணினிக்கான உணரியின் மின்தடை 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,800 ஓம். 100 டிகிரியில் 180 ஓமுக்குச் சற்றுக் குறைவு. வயர் அறுந்தால் இன்ஜின் கடுங்குளிரில் கிடப்பதாகக் கணினி எண்ணி, பெட்ரோலைக் கூடுதலாக விடும். பழுதறியும் இணைப்பியில் ஏ, பி முனைகளை வயரால் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். முதலில் வரும் 12, வழக்கமான குறியீடு. அதன்பின் ஒரு சிமிட்டல், இடைவெளி, ஐந்து சிமிட்டல் வந்தால் குறியீடு 15: உணரியை மாற்றுமுன் வயரைச் சோதிக்க வேண்டும்.