ஹெரால்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் வழியாகப் போகிறவர்களுக்கு அங்கிருக்கும் ஐ.டி. வளாகம் தெரியும். அதே இடத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது வயதில் மூத்தவர்களைக் கேட்டால்தான் தெரியவரும். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது கம்பெனியின் பெயர். வேன்கார்ட், எய்ட், டென், பெனன்ட் என்று சில கார்களைச் செய்துவிட்டு, 1961இல் அவர்கள் கொண்டுவந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அந்த நாளில் நம் நாட்டில் புதுக் கார் வாங்க வேண்டுமென்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் மூன்றில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். அவற்றில் நம்ம ஊர்க் கார் ஹெரால்ட் மட்டும்தான்.

இன்றும் அந்தக் கார்கள் அங்கங்கே கிடைக்கின்றன. "தாத்தா ஓட்டியது, ஷெட்டில் 20 வருஷமாக நிற்கிறது, கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்று யாராவது சொல்வார்கள். உங்களுக்கும் சின்ன வயதில் அதில் போன ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு காரைப் பார்க்கப் போவதற்கு முன் அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஹெரால்டில் எங்கெங்கே கோளாறு வரும் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தச் சரித்திரத்தில்தான் இருக்கிறது.

கூடு வேறு, எலும்பு வேறு

கதை தொடங்குவது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். அங்கிருந்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953இல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. புதுக் காருக்கு முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. அப்போது மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே திரும்பியது. அடியில் தனியாக ஓர் இரும்புச் சேஸிஸ். அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த அழகான உருவத்தோடு 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் வெளிவந்தது. பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் மடங்கித் திறக்கும். மேற்கூரையையே கழற்றி எடுத்துவிடலாம்.

இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உண்டு. பாடியில் ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம் என்பது நன்மை. மேலே உள்ள பாடியைப் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் காட்டிவிட்டு, அடியில் இற்றுப்போன சேஸிஸை அப்படியே விட்டுவிட முடியும் என்பது ஆபத்து. காரைத் தாங்குவது சேஸிஸ்தான்.

அதனால் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது சர்வீஸ் ஸ்டேஷனில் பிட் இருந்தால் அங்கே இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகாதீர்கள். டார்ச், ஒரு சின்ன காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். நடுவில் நீளவாக்கில் போகும் இரண்டு முக்கியச் சட்டங்களையும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். இற்ற இரும்பில் மந்தமான சத்தம்தான் வரும், ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கும். பக்கக் கைகள் போயிருந்தால் வெல்டிங் செய்து மாற்றலாம். பின்பக்க டிஃபரன்ஷியலைச் சுற்றியுள்ள முக்கியச் சட்டமே போயிருந்தால் அது வேறு வேலை; பாடியை முழுதாக இறக்காமல் ஒழுங்காகச் செய்ய முடியாது.

அடியில் போக வழியில்லை என்றால் கதவைக் கவனியுங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் இருந்தாலோ, கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தாலோ, கீழே சேஸிஸ் தொய்ந்திருக்கலாம். கீல் தேய்மானம்தான் என்று விற்பவர் சொல்வார், அதுவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை விலை பேசாதீர்கள். கதவின் அடிப்பகுதியிலும் டிக்கித் தரையிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி இருக்கிறது.

பின்சக்கரம் சொல்லும் கதை

ஹெரால்ட் வந்தபோது அதன் பெருமைகளில் ஒன்று நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பின்பக்கம் டிஃபரன்ஷியலின் மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரங்கள் அதன் இரு முனையிலும் ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடும். நல்ல ரோட்டில் சுகம். நம் ஊர்ப் பள்ளம் மேட்டில் பாரம் ஏற்றி ஓட்டியவர்களுக்குத் தொல்லை. புகார்கள் நிற்காததால் சென்னையில் இந்த அமைப்பையே மாற்றினார்கள். 1972 வாக்கில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில், அம்பாசடர்போல ஒரே திடமான பின் ஆக்ஸிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும்.

ஆகவே காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. காரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் ஜாயின்ட்கள் தேய்ந்திருக்கின்றன. இவை செலவுதான், ஆனால் தீரக்கூடிய செலவு. ஹெரால்ட் என்று விற்கிற காரின் அடியில் கெஸல் ஆக்ஸில் இருந்தால் மட்டும் நிதானியுங்கள். அதைப் பொருத்த யாரோ சேஸிஸை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

கிரீஸ் வேண்டாத இடம்

முன்சக்கரத்தில் ட்ரன்னியன் என்று ஒரு பாகம் இருக்கிறது. வெண்கலக் கட்டை ஒன்றில் மரையுள்ள இரும்புத் தண்டு திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் சுழலும். இதற்குப் போட வேண்டியது கெட்டியான கியர் ஆயில். ஆனால் கிரீஸ் கன்னோடு வருகிற பையன் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ்தான் அடிப்பான். கிரீஸ் அடிவரை இறங்காது, தண்ணீர் உள்ளே தங்கும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும். முறிந்தால் முன்சக்கரம் மடங்கி விழும். விற்பவரிடம் "ட்ரன்னியனுக்கு என்ன போடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஆயில் என்றால் காரைத் தெரிந்தவர் வைத்திருந்த கார். கிரீஸ் என்றாலோ முழித்தாலோ, அந்தத் தண்டுகளை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். மாற்றும்வரை ரோட்டில் ஓட்டாதீர்கள்.

என்ஜின் ஓடாவிட்டால்?

ஓடாத என்ஜினைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் ஹெரால்டில் அதுதான் சுலபமான பகுதி. 948 சிசி, நான்கு சிலிண்டர். இங்கிலாந்தில் என்ஜினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். நம் ஊரில் கெஸல்வரை இதே 948தான். பானட்டைத் திறந்தால் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்.

பல வருடம் நின்ற காரில் பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் செய்து காட்ட விடாதீர்கள். ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, நியூட்ரலில் வைத்து ஸ்பேனரால் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் நல்லது. அடுத்து ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. வாஷர் கழன்றே விழுந்திருந்தால் கிராங்கும் பிளாக்கும் கெட்டிருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டு கதவா, நான்கு கதவா?

ட்ரையம்ஃப் ஹெரால்ட் இரண்டு கதவுக் கார். நம்மவர்களுக்கு அது சரிப்படவில்லை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு இருக்கும்போது, முன்சீட்டை மடக்கிப் பெரியவர்களைப் பின்னால் ஏற்றுவது எப்படி? 1968இல் மார்க் 3 என்ற பெயரில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. இது இந்தியாவுக்கென்றே செய்த பாடி.

வாங்குகிறவருக்கு இது முக்கியம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1971இல் நின்றுபோனாலும், அங்கே ஆர்வலர்கள் அதிகம் என்பதால் மெக்கானிக்கல் பாகங்களும் இரண்டு கதவுக் காரின் பல தகடுகளும் இன்றும் கிடைக்கின்றன. நான்கு கதவுக் காரின் பின்கதவோ அதைச் சுற்றிய தகடோ அங்கே கிடைக்காது. இன்னொரு மதராஸ் காரிலிருந்துதான் எடுக்க வேண்டும், அல்லது நல்ல டிங்கர் கையால் அடித்துச் செய்ய வேண்டும். எனவே மார்க் 3இலும் கெஸலிலும் என்ஜின் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, கதவுகளும் கண்ணாடியும் கைப்பிடிகளும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள்.

ஆர்.சி. இல்லாத கார்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காரிலுள்ள எண்களோடு நீங்களே ஒப்பிடுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு. இதை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வாரிசுகளைத் தேடிக்கொண்டு நீங்கள் அலைவீர்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். வேறு என்ஜின் மாட்டிய கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, நம் பார்க்கிங்

கார் பரவாயில்லை என்று தோன்றினால் ஒரு தாளில் செலவை எழுதுங்கள். முதலில் சேஸிஸ் வெல்டிங், அடுத்து பிரேக், சஸ்பென்ஷன், பிறகு என்ஜின், வயரிங், சீட், கடைசியில் பெயிண்ட். ஒவ்வொன்றுக்கும் அந்த வேலை செய்கிறவரிடமே விலை கேளுங்கள். எல்லாம் சேர்ந்து உங்கள் கையைத் தாண்டினால், பாதியில் நிறுத்தலாம் என்று மட்டும் தொடங்காதீர்கள். ஓடாத கார் முழுதாக நின்றால் நாளை வேறொருவர் காப்பாற்றலாம். கழற்றி அட்டைப்பெட்டிகளில் போட்ட காரின் பாகங்கள் ஒவ்வொன்றாகத் தொலைந்து, கடைசியில் எடைக்குத்தான் போகும். 1988இல் உற்பத்தியே நின்றுபோன கம்பெனியின் கார் இது. ஒன்று குறைந்தால் குறைந்ததுதான்.

நம் மாதிரி அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: காரை எங்கே வைப்பீர்கள்? வெல்டிங், ஸ்ப்ரே பெயிண்டிங் இரண்டையும் பேஸ்மென்டில் செய்யக் கூடாது. தீ விபத்துக்கு அதுவே போதும். வேலை நடக்கும் மாதங்கள் முழுவதும் கார் ஒர்க்ஷாப்பில் இருக்கட்டும். வந்த பிறகு அது உங்கள் ஸ்லாட்டில்தான் நிற்க வேண்டும். தினமும் ஓட்டும் காரைப் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்லாட்டில் விடலாம் என்ற கணக்கு வேண்டாம். இழுத்துக்கொண்டு வருவதற்கு முன் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நம் குடியிருப்பில் ஸ்டாண்டர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இருந்தால் இந்த இதழுக்கு எழுதுங்கள். காரைப் பார்க்கப் போகிறவருக்குத் துணையாக நீங்களும் ஒருமுறை வந்தால் இன்னும் நல்லது.