முன் அறையின் கதை



சென்ற மாதம் எமது நேயர் குடும்பமொன்றின் மகளும் மருமகனும் லண்டனில் தங்கள் முதல் வீட்டின் திறப்பை வாங்கினார்கள். பால் காய்ச்சிய அன்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, எங்கட வீட்டை எங்கட ஸ்டைலில வைக்க வேணும். ஆனா எங்கட ஸ்டைல் என்னெண்டுதான் தெரியேல்லை." பக்கத்திலிருந்த தாயார் மெதுவாகச் சொன்னார்: "எங்கட சோகேஸைக் கொண்டு போங்கோ எண்டால் வேண்டாமாம்." மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவருக்கு என்ன நிறம் பூசுவது, எந்தத் திரைச்சீலை பொருந்தும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விடயங்கள். ஆனால் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே வந்து நின்ற சோகேஸ், இதே நகரத்துக்கு எமக்கு ஒரு தலைமுறை முன்னால் வந்தவர்களின் கதையை நினைவூட்டியது. அதையே இம்மாத உரையாகத் தருகிறேன்.

1948 ஜூன் 22 ஆம் திகதி ரில்பெரி துறைமுகத்தில் எம்பயர் விண்ட்றஷ் கப்பலிலிருந்து கரீபியன் தீவு மக்கள் இறங்கினார்கள். தங்க இடமில்லாத இருநூறுக்கும் மேற்பட்டோர் கிளப்பம் சவுத்தில், யுத்தகாலக் குண்டுவீச்சுக்குத் தப்புவதற்காக நிலத்துக்கடியில் ஆழமாக வெட்டப்பட்டிருந்த பதுங்குகுழியில் தங்க வைக்கப்பட்டார்கள். பதுங்குகுழி என்ற சொல்லை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதற்குக் கிட்டிய வேலைவாய்ப்பு அலுவலகம் பிறிக்ஸ்டனில் இருந்தது. பிறிக்ஸ்டன் அவர்களுடைய ஊரானதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாடகைக்கு அறை தேடினால் யன்னலில் 'கறுப்பர்களுக்கு இடமில்லை' என்ற அட்டை. வீடு கொடுப்பதில் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது 1968 இல்தான். கிடைத்த ஒற்றை அறைக்குள்ளேயே கட்டில், சூட்கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர் எல்லாம். சமைப்பதற்கு மாடிப்படி முகப்பிலிருந்த பொது அடுப்பில் முறை பார்த்து நிற்க வேண்டும். எண்பதுகளில் ஈஸ்ட்ஹாமில் நாலு பேராக ஓர் அறையில் கிடந்தவன் என்பதால் இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்து விடுகிறேன்.

வீடு வாங்க அவர்களுக்குக் கடன் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகவே 'பாட்னர்' பிடித்தார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாரந்தோறும் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டுவது. ஒவ்வொரு முறையும் ஒருவர் முழுத் தொகையையும் எடுப்பது. எங்கள் சீட்டேதான், பெயர்தான் வேறு. அந்தக் காசை முற்பணமாகக் கட்டி, பலர் பழைய தொடர்வீடுகளை வாங்கினார்கள்.

வீடு கைக்கு வந்ததும் அவர்கள் பார்த்துப் பார்த்து அலங்கரித்தது தெருப்பக்கம் இருந்த முன் அறையை. பூப்போட்ட சுவர்க்கடதாசி, அதற்குச் சற்றும் பொருந்தாத பூப்போட்ட காபெட். குரோஷே ஊசியால் பின்னி, கஞ்சி போட்டு அலை அலையாக நிமிர்த்திய விரிப்புகள். அவற்றின் மேல் கண்ணாடி மீன்களும் பிளாஸ்டிக் பூக்களும். சுவரில் இயேசுவின் இறுதி இராவுணவுப் படம், விட்டு வந்த தீவின் வரைபடம். ஒரு மூலையில் 'புளூ ஸ்பொட்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஜேர்மன் றேடியோகிராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் அமெரிக்கப் பாடகர் ஜிம் றீவ்ஸ் பாடுவார். விருந்தினர் வரும்போது தவிர மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு அந்த அறைக்குள் அனுமதி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருந்தினருக்கென்று தனியாக ஓர் அறையை வைத்துக்கொள்ளும் வழக்கம் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயருடையது. பேரரசோடும் பாதிரிமாரோடும் அது கரீபியன் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மக்கள் அதை மறுபடி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த காலத்தில், ஆங்கிலேயர் பலர் நடுச்சுவரை இடித்து முன்னறையையும் பின்னறையையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தார்கள்!

பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த அறையைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். ரசனையில்லாத வேலை என்று சிரித்தார்கள். அப்படியான ஒரு வீட்டில் வளர்ந்தவர் எழுத்தாளரும் கலைஞருமான மைக்கல் மக்மில்லன். அவருடைய பெற்றோர் சென்ற் வின்சென்ற் தீவிலிருந்து வந்தவர்கள். அவர் 2005 இல் லண்டன் ஜெஃப்றி அருங்காட்சியகத்தில் அந்த முன் அறையை அப்படியே அமைத்துக் காட்டினார். 2019 இல் அந்த இடத்தின் பெயர் 'வீட்டு அருங்காட்சியகம்' என மாறியது. திருத்த வேலைகளுக்குப் பின் 2021 இல் திறந்தபோது, 1976 ஆம் ஆண்டுக்குரிய முன் அறையாக அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. முன்னைய பெயருக்குரிய றொபேட் ஜெஃப்றி அடிமை வியாபாரத்தில் முதலிட்டவர். அவர் பெயரில் கட்டிய கட்டடத்துக்குள் இந்த அறை இருப்பதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை.

என்னுடைய அபிப்பிராயம் இது. அந்தப் பொருட்களில் பல சந்தையிலும் கடையிலும் தவணைக்கு வாங்கிய மலிவுச் சாமான்கள்தான். பகலில் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைசெய்து பேச்சு வாங்கியவர்கள், வீட்டுக்கு வருபவருக்கு "நாங்கள் மரியாதையாக வாழ்கிற ஆட்கள்" என்று சொல்ல அவற்றை அடுக்கினார்கள். அந்த அடுக்கில் அவர்களுடைய ஸ்டைல் இருந்தது. அதற்காக ஒருவரும் உட்காராத அறையைத் துடைத்துத் துடைத்தே பெண்கள் களைத்ததையும் நான் மறைக்கவில்லை.

எங்கள் சோகேஸ்களும் அந்த வழியில் வந்தவைதாம். பாவிக்காத தேநீர்க் கோப்பைகள், பிள்ளைகளின் பரிசுக் கிண்ணங்கள், பிளாஸ்டிக் உறை கழற்றாத பொம்மை. ஊரை விட்டு ஓடும்போது அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓட எவராலும் முடியவில்லை. இங்கே ஒன்றை வாங்கி நிரப்பினோம்.

இதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. "மாமா, சோகேஸ் எங்கட ஹோலுக்குள்ள கொள்ளாது. ஆனா அதுக்குள்ள அம்மம்மான்ர மூக்குப்பேணி ஒண்டு இருக்கு, அம்மா சீலைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தது. அதைத் தருவாவோ எண்டு நீங்கள் ஒருக்கா கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.