காயலின் பட்டு நூலும் நடுவட்டத்துச் சடையும்: தமிழ் மண்ணில் சீனர் உடை அடையாளம்

சீனாவை ஆண்ட குப்லாய் கானின் அரசவையில் நெடுங்காலம் பணிபுரிந்த மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் திரும்பும் வழியில் கண்ட முத்துக்குளித்துறையைப் பற்றிப் பின்னர் தன் பயணக் குறிப்பில் சொன்னார். அவர் குறிப்பில் காயல் பெருந்துறைமுகம். இக்கரையை உள்ளடக்கிய மாபார் நாட்டில் தையற்காரரே இல்லை என்கிறார். அரசன் இடைத்துணி மட்டும் உடுத்தியிருந்தாலும், கழுத்தில் பட்டு நூலில் கோத்த 104 முத்துகளும் மாணிக்கங்களும் தொங்கின. சீன அரசவையில் ஆடை சொன்ன தகுதியை இங்கே அணிகலன் சொன்னது.

இக்கரையோடு சீனருக்கு நெருங்கிய வணிக உறவு இருந்தது. பழையகாயல் பகுதியில் கால்டுவெல் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார். 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் காயலைத் தொட்டன. ஆனாலும் சரக்கு வந்த அளவுக்குக் குடும்பங்கள் வந்து வேரூன்றவில்லை. தமிழ்நாட்டில் வேரூன்றிய சீனக் குடும்பத்தின் பழைய தடத்தைத் தேடுவோர் நீலகிரிக்கு ஏறலாம்.

19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல், சீனக் கைதிகள் நீலகிரிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1868இல் புயலடித்த ஓர் இரவில் 12 பேர் தப்பி ஓடி, இரு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டனர். விடுதலைக்குப் பின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவுகளில் தங்கி, ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டனர். இவர்களைப் பார்த்த மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்தார். ஆனால் அவர் குறிப்பில் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. கிறிஸ்தவரான சீனத் தந்தைக்கு இருந்த ஒரே மனக்குறை, மதம் மாறியபோது தன் சடையை வெட்ட நேர்ந்ததுதான்.

அந்தச் சடைக்கும் கசப்பான வரலாறு உண்டு. 1645இல் சீனாவைக் கைப்பற்றிய மஞ்சு அரசு மரண தண்டனை மிரட்டலோடு ஹான் சீன ஆண்கள்மேல் அதைத் திணித்தது. எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டனர். இரு நூற்றாண்டுகளில் அது சொந்த அடையாளமாகிவிட்டது. நாடு, உறவு, விடுதலை எல்லாம் பறிபோன கைதிக்கு ஊரின் மிச்சமாக இருந்தது அதுவே. அதையும் இழந்தவரின் வருத்தத்தை தர்ஸ்டன் வேடிக்கைபோல எழுதிச் செல்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

முத்துக்குளித்துறைப் பரதவர் வரலாறு இதற்கு நேர்மாறு. 1530களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்ற அவர்கள் பெர்னாண்டோ, மச்சாடோ, ரோச் எனப் போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றாலும் தாலியை விடவில்லை. தலைவர்களோடு சமூகமாக மாறியதால், எதைக் கொள்வது, எதை விடுவது என்று அவர்களால் பேரம் பேச முடிந்தது. நடுவட்டத்துச் சீனருக்குப் பின்னால் ஊரும் இல்லை, தலைவரும் இல்லை. உடை அடையாளம் நிலைப்பதைத் தீர்மானிப்பது தனிமனிதப் பற்று அல்ல, சமூகத்தின் பலமே என்பது என் முடிவு.

கொல்கத்தாவின் சீனர் குடியிருப்புகளான திரெட்டா பஜார், டாங்ராவில் கோயிலும் பள்ளியும் சங்கமும் இருந்ததால் அங்கே சீன வழக்கங்கள் நீடித்தன. அந்தப் பலமும் 1962 இந்திய-சீனப் போரின்போது காக்கவில்லை. உடுத்தியது சட்டையா, சேலையா என்று யாரும் கேட்கவில்லை; சீன வம்சாவளியே குற்றமாகி, சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர்.

நடுவட்டத்துத் தாய்மார் என்ன உடுத்தினர், பிள்ளைகளுக்கு என்ன அணிவித்தனர் என்பதைத் தேவாலயப் பதிவேடுகளிலும் குடும்பப் புகைப்படங்களிலும் தேட வேண்டும். நீலகிரியின் இளம் ஆய்வாளர்கள் இப்பணியை உடனே கையிலெடுக்க வேண்டுகிறேன்.