நிருரி என்ற பெயருக்குள் எத்தனை செடிகள்?

மழைக்குப் பின் வரப்பிலும் கொல்லையிலும் தானாக முளைக்கும் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுப்பது நம்மூர்ப் பழைய வழக்கம். அதன் அறிவியல் பெயர் 'பில்லாந்தஸ் நிருரி' என்றே பல தலைமுறை மருந்து நூல்கள் எழுதிவந்தன. ஆனால் 1753இல் லின்னேயஸ் சூட்டிய அந்தப் பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்கு உரியது. 1985இல்தான் மித்ராவும் ஜெயினும், இந்திய நூல்களில் நிருரி எனப்பட்டது அமாரஸ், பிரட்டெர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்களின் கலவை என்று காட்டினார்கள். ஆக, இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு ஏட்டுக்கே உரியது. செடி பறிப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பறிப்பவர் கண்ணை அப்படி நம்பலாமா என்று கேட்கலாம். தென்னிந்திய மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வில், அவற்றுள் 76 சதவீதம் பெரும்பாலும், கீழாநெல்லி என்று இன்று கொள்ளப்படும் அமாரஸாகவே இருந்தன. மீதியில் உறவுச்செடிகள் கலந்திருந்தன. கண் பெரும்பாலும் சரியாகவே தேர்ந்திருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. உறவுச்செடிகளில் சிவப்புக் கீழாநெல்லியைப் பிரிப்பது எளிது: அதன் காய் காம்பில்லாமல் ஒட்டி, தொட்டால் சொரசொரக்கும், கீழாநெல்லிக் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். பிரட்டெர்னஸ்தான் ஏமாற்றும். அமாரஸின் இலைக்கக்கத்தில் ஆண் பூவும் பெண் பூவும் இணையாக இருக்கும், புல்லியிதழ் ஐந்து, பிரட்டெர்னஸில் ஆறு. இதை எண்ண உருப்பெருக்கி வேண்டும்.

எல்லாம் ஒரே குடும்பம், எதைக் கொடுத்தால் என்ன என்பது அடுத்த வாதம். 1987இல் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 'நிருரி' என்ற பெயரில் வந்தது. 1988இல் சென்னை ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர் புளூம்பெர்க்கும் 'லான்செட்' இதழில் எழுதியபோது பெயர் 'அமாரஸ்' ஆகியிருந்தது. அதில் மருந்து உண்டவர்களில் 59 சதவீதத்தினரின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்டவர்களில் 4 சதவீதம்தான். பின்னர் பிற இடங்களில் நடந்த பல சோதனைகளில் அந்த விளைவு கிட்டவில்லை. இனம் மாறியதே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்தே பயனற்றதாகவும் இருக்கலாம். ஆனால் எந்தச் செடி என்று உறுதிசெய்து, மாதிரியைப் பாதுகாத்து வைத்தால்தான் அந்த இரண்டில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல முடியும். இனம் காண்பது சிகிச்சைக்கு முன்னுரை அல்ல, அதன் முதல் சோதனை.