நட்சத்திரம் போட்ட உத்தரவு

தொட்டியத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வாழை அவருக்கு ஜீவனம். பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது பைத்தியம். சென்ற மாதம் ஒரு பி.பி.சி. மைக்ரோவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், வலது கோடி ஸாக்கெட்டில் எந்தச் சிப்பைப் போடுவது?" என்று கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட யந்திரம் அது. ஞாபகசக்தி 32 கிலோபைட். (இன்றைய கல்யாணப் போட்டோ ஒன்றுகூட அதில் அடங்காது.) நம் தேசத்துக்கு அது பள்ளிக்கூடங்களின் வழியாக வந்தது. 1984-ல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற திட்டத்தை ஆரம்பித்துச் சுமார் 250 பள்ளிகளில் இந்த மைக்ரோக்களை வைத்தது.

தட்டச்சில் நாம் அடிக்கும் உத்தரவை வாங்கி உள்ளே சேர்ப்பிக்கும் புரோகிராமுக்கு 'ஷெல்', அதாவது ஓடு, என்று பெயர். 1960-களின் மத்தியில், மல்டிக்ஸ் என்ற பெரிய அமைப்பை அமெரிக்காவில் உருவாக்கிய சமயம் அப்பெயரைச் சூட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். மைக்ரோவுக்கோ இதுதான் ஓடு என்று ஒன்றை நிரந்தரமாக்கவில்லை. பாஷைச் சிப்களில் எது உயர்ந்த எண்ணுள்ள ஸாக்கெட்டில் இருக்கிறதோ, ஸ்விட்சைப் போட்டதும் அதுவே வாசலில் வந்து நிற்கும். பேசிக்கைச் செருகினால் பேசிக். எழுத்து வேலைக்கான சிப்பைச் செருகினால் அது. ஒன்றுமே இல்லாவிட்டால் திரையில் 'லாங்வேஜ்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

இதைவிட ரசமானது நட்சத்திரக் குறி. உத்தரவின் முன்னால் அதைப் போட்டுவிட்டால் பேசிக் குறுக்கே நிற்காது. உத்தரவு நேரே உள்ளே போகும். அங்கே மூலச் சிப் முதலில் தன் அட்டவணையில் அந்தச் சொல்லைத் தேடும். இல்லையென்றால், விலாசம் தெரியாத கடிதத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கும் தபால்காரரைப் போல, ஒவ்வொரு சிப்பிடமும் "இது உன்னுடையதா?" என்று விசாரிக்கும். எல்லாரும் கையை விரித்தால், டிஸ்க்கில் அந்தப் பெயரில் ஏதேனும் புரோகிராம் உண்டா என்று பார்க்கும். அதுவும் பலிக்காதபோதுதான் 'பேட் கமாண்ட்' என்று கோபித்துக்கொள்ளும்.

என்ன தாராளம் பாருங்கள்! சிப்பில் எழுதத் தெரிந்தவன் தன் பாஷைச் சொல்லையே உத்தரவாக்கிவிடலாம். அன்றைய பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைத்தான் அடித்தார்கள். கோப்புகளின் ஜாபிதாவைக் காட்ட 'கேட்' என்று அடிக்க வேண்டும். நட்சத்திரத்தோடு ஒரு முற்றுப்புள்ளி வைத்தாலும் போதும் என்பது ஒரு சலுகை. 'பட்டியல்' என்றே அடித்தால் என்ன?

சிநேகிதர் அதை டிஸ்க்கில் வைத்துப் பார்க்க நினைத்தார். அங்கே ஒரு வேடிக்கை. ஏக்கார்னின் டிஸ்க் முறையில் கோப்பின் பெயர் ஏழு எழுத்தைத் தாண்டக்கூடாது. பட்டியலை ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு! சிப்பில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே கோடி ஸாக்கெட்டில் பேசிக்கே இருக்கட்டும் என்றேன். ஸ்விட்சைப் போடுகிறவனைக் கடிதம் எழுத உட்கார்த்தி வைக்காமல், புரோகிராம் எழுதத் தூண்டுவது அதுதான். தமிழ்ச் சொற்களின் சிப் எந்த மூலையில் இருந்தாலும் நட்சத்திரம் தேடிக்கொண்டு போய்விடும். அவரும் ஒப்புக்கொண்டு சொற்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார். 'அழி' என்பதை மட்டும் சேர்க்கலாமா கூடாதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.