சாம்பலை இழுத்த இலங்கைக் கல்



அகதியாக வந்த புதிதில், ஓரிரவு படியில் கால் வைத்ததும் வாசல் லைற் தானாக எரிந்தது. யாரோ ரோர்ச் அடிக்கிறான் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். என் உடற்சூட்டை உணர்ந்தது ஒரு சிறு பீங்கான் துண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கதை எங்கள் தீவையும் தொட்டு வருகிறது. 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து டூர்மலின் கற்களைக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் சாம்பலை இழுத்ததால் 'சாம்பல் இழுப்பான்' என்றே அழைத்தார்கள். இழுப்பது மின்சாரம் என்று 1756இல் ஏபினஸ் காட்டினார். 1824இல் புரூஸ்டர் அதற்குப் 'பைரோ எலக்ட்ரிசிட்டி' என்று பெயர் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் ஈயம் கலந்த பீங்கான்கள் வந்தன. சூடு மாறினால் இவை நிறைய மின்னேற்றம் தரும். ஆனால் மின்தேக்கும் குணமும் அதிகம். அதனால் மின்னழுத்தம் எழும்பாது. வரவு பெரிது, செலவும் பெரிது. கணக்காளனுக்குப் பழகிய தலையிடி! பீங்கானுக்குள் நுண்துளைகள் விட்டாலோ பொலிமர் கலந்தாலோ வரவு குறையும். செலவு அதைவிட வேகமாகக் குறையும். அளவோடு செய்தால் கையில் மிஞ்சுவது கூடும். துளை மிஞ்சினால் பீங்கான் நொறுங்கிவிடும்.

இப்போது என் வாசலிலும் அந்த லைற் இருக்கிறது. அம்மா இருந்தவரை அதை நிறுத்தியே வைத்திருந்தோம்.